நாலரை மணிக்கு ஆள் இல்லை

1

போன வெள்ளிக்கிழமை பகல், இந்த ஜேர்மன் சிற்றூரின் தேவாலய மணி பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியதும், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து ஜெபித்தேன். முழங்காலில் நிற்பதை விட்டு நாலு வருடமாகிறது. பன்னிரண்டரைக்கு எழுந்தேன். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, எங்கள் ஊர்ச் சபையின் புதுப் போதகர் தை மாதத்தில் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில், முடித்ததற்கு அடையாளமாகக் கைகூப்பும் படத்தைப் போட்டேன்.

இரண்டு நிமிடத்தில் போதகரின் குரல் பதிவு வந்தது.

"ஐயா, ஸ்தோத்திரம். இஞ்ச இப்பதான் நாலு மணியாகுது. உங்கட நேரம் நாலரைக்குத்தானே. மூண்டரைக்கே தொடங்கிட்டீங்க போல இரிக்கி. மறதியா ஐயா, இல்லாட்டி ஏதும் அவசர வேலையா?"

மறதி என்ற சொல் எனக்குப் பிடிக்காது. எனக்கு எழுபத்தொன்பது வயது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் குளத்து நீர்மட்டம் எழுதியவன். காலை எட்டு மணிக்கு ஒரு மட்டம், பின்னேரம் நாலு மணிக்கு ஒரு மட்டம். அத்தனை வருடத்தில் நான் எழுதாமல் விட்டவை ஆறு. அவருக்குப் பதில் அனுப்பினேன்: "இங்கே பகல் பன்னிரண்டுதான் உங்கள் நாலரை. இருபத்துநாலு வருடமாக அப்படித்தான்."

பதிலுக்கு ஒரு படம் வந்தது. எங்கள் கோயில் சுவரில் இருக்கும் வட்ட மணிக்கூடு. நாலு மணி ஐந்து நிமிடம்.

படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, சமையலறைச் சுவரில் இருக்கும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்தது நினைவுக்கு வந்தது. கதிரையில் ஏறி நின்று அதைச் செய்தது நான்தான்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டார் வருடத்தில் இரண்டு தரம் நேரத்தை மாற்றுவார்கள். பங்குனிக் கடைசியில் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு, ஐப்பசியில் திரும்பப் பின்னுக்கு. ஆகவே குளிர்காலத்தில் மட்டக்களப்புக்கும் இங்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். கோடையில் மூன்றரை. குளிர்காலத்தில் இங்கே பன்னிரண்டு அடித்தால் ஊரில் நாலரை. கோடையில் அதே பன்னிரண்டுக்கு ஊரில் மூன்றரைதான்.

சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. இருபத்துநாலு வருடமாக எனக்கு விளங்கவில்லை.

2

சங்கிலி ஜெபம் என்றால் என்ன என்று அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு நாளின் இருபத்துநாலு மணித்தியாலத்தை நாற்பத்தெட்டு அரை மணித்தியாலங்களாகப் பிரித்து, ஒருவர் விடும் இடத்தில் அடுத்தவர் பிடிப்பது. யாரும் கோயிலுக்கு வரத் தேவையில்லை. வயலில் நிற்பவர் வரம்பில் நின்று செய்யலாம். தோணிக்காரர் தோணியில் இருந்து செய்யலாம். சட்டம் ஒன்றே ஒன்று: இடையில் ஆள் இல்லாத நேரம் இருக்கக் கூடாது.

எங்கள் சங்கிலிக்கு இருபத்தெட்டு வயது. வெள்ளிக்கிழமை தோறும். சண்டைக் காலத்தில் வாவியின் இரண்டு கரைகளிலும் இருந்து கொண்டுபோகப்பட்ட பதினெட்டுப் பேருக்காகத் தொடங்கியது. யார் கொண்டுபோனார்கள், எங்கே என்பதற்குப் பதினெட்டு வீட்டிலும் பதினெட்டுக் கதை இருந்தது. அவர்களில் ஐந்து பேர் எங்கள் சபையே அல்ல. மூன்று பேர் சைவர்கள், இரண்டு பேர் முஸ்லிம்கள். பெயரைக் கொண்டுவந்து தந்த தாய்மாரிடம் யாரும் ஞானஸ்நானச் சீட்டுக் கேட்கவில்லை.

பதினெட்டில் ஒருவர் திரும்பி வந்தார். நான் இங்கே வந்த மறு வருடம், ஓர் ஆடி மாதம். மிச்சம் பதினேழு.

பதினேழு பெயருக்கு முப்பது நிமிடம். ஒரு பெயருக்கு ஒரு நிமிடம் நாற்பத்தைந்து விநாடி என்று ஒதுக்கினால், கடைசியில் பதினைந்து விநாடி மிஞ்சும். அதில் ஆமென். இந்த ஒழுங்கை நானே வகுத்து, நானே கடைப்பிடித்து வந்தேன். பெயரைச் சொல்லி, இருக்கும் இடத்தில் காத்தருளும் என்று சொல்லி, அடுத்த பெயருக்குப் போவேன். ஒவ்வொரு வெள்ளியும் கொப்பியில் ஒரு சரி அடையாளம் போடுவேன். ஐந்து கொப்பி நிறைந்திருக்கிறது. தவறிய வெள்ளிகள் பதினொன்று, அத்தனையும் குளிர்காலத்துக் காய்ச்சல்.

தொடங்கிய நாற்பத்தெட்டுப் பேரில் இன்று உயிரோடு இருப்பவர்கள் இருபத்தொரு பேர். போனவர்களின் இடத்தைப் பிள்ளைகள் சிலர் பிடித்திருக்கிறார்கள். சிலர் இரண்டு நேரம் பிடிக்கிறார்கள். வெளிநாட்டில் ஏழு பேர். ஏழு பேரில் மற்ற ஆறு பேரும் ஒவ்வொரு பங்குனியும் ஒழுங்காக நேரத்தை மாற்றி வந்திருக்கிறார்கள். விசாரித்துவிட்டேன்.

3

இதில் என்னை வதைப்பது, நேரம் என்பது எனக்குப் புதிய விசயம் அல்ல என்பதுதான்.

சங்கிலி தொடங்கிய காலத்தில் வாவிக்கு இரண்டு நேரம் இருந்தது. அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தது. நாங்கள் இருந்த எழுவான்கரை, அதாவது வாவிக்குக் கிழக்குப் பக்கம், அந்தப் புது நேரத்தில் நடந்தது. மேற்கே படுவான்கரை இயக்கத்தின் கையில் இருந்தது. அவர்கள் மாற்றவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தார்கள். எழுவான்கரையில் ஏழு மணிக்கு ஓடத்தில் ஏறினால் படுவான்கரையில் ஆறு ஐம்பதுக்கு இறங்கலாம். கலியாணங்களுக்கும் மரண அடக்கங்களுக்கும் இரண்டு நேரம் போட்டு அறிவிப்பார்கள்.

சங்கிலியில் இரண்டு கரை ஆட்களும் இருந்தார்கள். ஒரு கரைக்கு நாலரை என்றால் மறு கரைக்கு ஐந்து. அரை மணித்தியாலம் பிசகினால் சங்கிலி அறும். அப்போதிருந்த பழைய போதகர் என்னைக் கூப்பிட்டார். "நீங்கதான் மட்டம் எழுதுற ஆள். பிழை வராம எழுதித் தாங்க" என்றார். நான் கோடு கீறி, பெயர்களுக்குப் பக்கத்தில் இரண்டு நிரல் போட்டேன். ஒன்று பழைய நேரம், ஒன்று புது நேரம். நாற்பத்தெட்டு வரி. இரண்டு தரம் சரி பார்த்தேன். அந்தத் தாளில் ஒருவர்கூடப் பிழை பிடிக்கவில்லை.

பிறகு ஓய்வு பெற்று, மகனிடம் இங்கே வந்தேன். வந்தது ஒரு தை மாதம். முதல் வெள்ளிக்கு முன்பே, என் பிரதியில் மூன்றாவது நிரலைக் கீறி, என் பெயருக்கு நேரே "பகல் 12" என்று எழுதினேன். பழைய நேரத்து நாலரைக்குக் கணக்கு அன்றைக்குச் சரி; சில வருடத்தில் நாடு முழுவதும் அந்தப் பழைய நேரத்துக்கே திரும்பியது. ஊரின் இரண்டு நேரத்தையும் ஆராய்ந்து வைத்திருந்தவன், வந்து சேர்ந்த நாட்டுக்கும் இரண்டு நேரம் உண்டு என்று யோசிக்கவில்லை.

பிறகும் அறியாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, கோடையில் மூன்றரை, குளிரில் நாலரை என்று கூட்டித்தான் எடுப்பேன். இரண்டும் என் தலைக்குள் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்கு மணி அடித்தது, நான் உட்கார்ந்தேன். மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. அவள் கணக்கில் கெட்டிக்காரி அல்ல. இருந்தும் இதைக் கண்டுபிடித்திருப்பாள் என்றே நினைக்கிறேன்.

4

கோடை இருபத்துநாலு. ஒரு கோடைக்கு முப்பது அல்லது முப்பத்தொரு வெள்ளி. பழைய நாட்காட்டிகளை வைத்துப் பார்த்தேன். போன வெள்ளியையும் சேர்த்து எழுநூற்று முப்பத்து நான்கு. அத்தனை வெள்ளியும் ஊரில் மூன்றரைக்கு இரண்டு பேர் இருந்திருக்கிறோம். நாலரைக்கு ஒருவரும் இல்லை. அரை மணித்தியாலங்களைக் கூட்டினால் பதினைந்து நாளும் ஏழு மணித்தியாலமும்.

அந்தப் பன்னிரண்டு மணியைக் காப்பாற்ற நான் பட்ட பாடு வேறு. பல வருடத்துக்கு முன், வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு ஒரு டெர்மின், அதாவது முன்கூட்டியே குறித்த நேரம், கொடுத்தார்கள். இங்கே எல்லாவற்றுக்கும் டெர்மின். பல்லுப் பிடுங்கவும் டெர்மின், துக்கம் விசாரிக்கவும் டெர்மின். கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு. நேரில் போய், மாற்றித் தரும்படி கேட்டேன். ஏன் என்று கேட்டார் அந்த அம்மா. என்னிடம் இருந்த ஜேர்மனில் "வெள்ளி, பன்னிரண்டு, ஜெபம்" என்றேன். அவர் முகம் இளகிவிட்டது. பள்ளிவாசல் எந்தத் தெருவில் என்று கேட்டார். நான் கிறிஸ்தவன் என்றேன். அவர் தலையை ஆட்டி, ஏதோ எழுதிக்கொண்டு, திங்கட்கிழமைக்கு மாற்றித் தந்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. காத்தான்குடிக் கூட்டாளி ஒருவனுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "அப்ப ஜும்மாவுக்கு வாங்க, இடம் பிடிச்சு வெக்கிறன்" என்று சிரித்தான்.

நானும் அப்போது சிரித்தேன். அது ஆடி மாதம். நான் வாதாடிக் காப்பாற்றியது பிழையான நேரத்தை.

இன்னொன்றும் எழுத வேண்டும், எழுத விருப்பமில்லை. இரண்டு வருடத்துக்கு முன் மார்கழியில் ஊருக்குப் போனபோது, ஞாயிறு ஆராதனையில் பேசச் சொன்னார்கள். விசுவாசத்தில் நிலைத்திருப்பதைப் பற்றிப் பேசினேன். கொப்பிகளில் ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். "இது பெருமைக்கு அல்ல" என்று சொல்லிவிட்டுக் காட்டினேன்.

5

மகன் டேவிட்டிடம் சொன்னேன். அவன் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"அதுக்கு ஏன் அப்பா சாப்பிடாம இரிக்கீங்க? கடவுள் என்ன ஸ்டேஷன் மாஸ்டரா, மணிக்கூட்டப் பிடிச்சிட்டு நிக்க?"

"அவர் பாக்கமாட்டார் எண்டு சொல்ல நீ ஆரு மனே? நீ கோயிலுக்குப் போய் எத்தின வருசம்?"

"அது நீங்கதானே எண்ணி வெச்சிரிப்பீங்க."

"ஒம்பது."

"பாத்தியா" என்று தன் மனைவியைப் பார்த்துச் சொன்னான். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாமா, மனசுதானே முக்கியம்" என்றாள். பதினைந்து வயதுப் பேத்தி லேயா என் கைத்தொலைபேசியை வாங்கி, மட்டக்களப்பு நேரமும் இந்த ஊர் நேரமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்படி செய்து தந்தாள். அதற்கு அவளுக்கு எட்டு விநாடி எடுத்தது. அவளும் கோயிலுக்கு வருவதில்லை. ஞாயிறு காலையில் கரப்பந்தாட்டம்.

மனசுதான் முக்கியம், கடவுள் மணிக்கூடு பார்ப்பதில்லை. இந்த ஒரு வாரத்தில் இதை ஆறு பேர் சொல்லிவிட்டார்கள். எனக்கு இந்த ஆறுதல் எரிச்சலாக இருக்கிறது. மணிக்கூடு முக்கியமில்லை என்றால் சங்கிலி எதற்கு? அவரவர் நினைத்த நேரத்தில் நினைத்தபடி ஜெபித்துவிட்டுப் போகலாமே. விடியப்புறம் இரண்டரைக்கு எழும்பிப் பன்னிரண்டு வருடமாகத் தன் நேரத்தைப் பிடிக்கும் பெண் ஒருத்தி எங்கள் சபையில் இருக்கிறாள். மனசுதான் முக்கியம் என்று அவளிடம் போய்ச் சொல்லுங்கள். ஒரு நேரத்துக்கு வருகிறேன் என்று சொன்னவன் அந்த நேரத்துக்கு இருக்க வேண்டும். விசுவாசம் என்று நான் அறிந்ததில் பெரும்பகுதி அதுதான். உள்ளம் உருகுவது எல்லாம் எனக்கு அதிகம் நடந்ததில்லை.

இதைவிடக் கசப்பான ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் சரியான நேரத்தில் ஜெபித்தேன். கோடையில் பிழையான நேரத்தில் ஜெபித்தேன். இரண்டுக்கும் கிடைத்த பதில் ஒன்றே. பதினேழு பேரில் ஒருவரும் வரவில்லை. திரும்பி வந்த அந்த ஒருவரும், நான் இடத்தில் இல்லாத ஓர் ஆடி மாதத்தில்தான் வந்தார். சரி எது, பிழை எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மௌனம். குளத்து மட்டத்தைப் பிழையாக எழுதினால் மறுநாளே தெரிந்துவிடும், வாய்க்காலில் தண்ணீர் வராது, கமக்காரர் சண்டைக்கு வருவார்கள். இங்கே இருபத்துநாலு வருடம் பிழையாக எழுதியிருக்கிறேன். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

6

சனிக்கிழமை போதகர் நேரடியாகத் தொலைபேசி எடுத்தார். முப்பத்துமூன்று வயது, நல்ல பிள்ளை. குரலில் எப்போதும் ஒரு தடவிக்கொடுத்தல்.

"ஐயா, நான் ஒண்டு சொன்னாக் கோவிக்கப்படாது."

"சொல்லுங்க."

"நீங்க செஞ்சது காணும் ஐயா. இருபத்தெட்டு வருசம். இஞ்ச வந்தாறுமூலைக் கம்பசில படிக்கிற புள்ள ஒண்டு, தனக்கும் ஒரு நேரம் தாங்க எண்டு கேட்டுட்டே இரிக்கி. உங்கட நாலரைய அதுக்குக் குடுத்தா, உங்களுக்கும் இந்த நேரம் மாத்துற கரைச்சல் இல்ல. நீங்க விரும்பின நேரம் ஜெபிக்கலாம்தானே."

"என்னை நிப்பாட்டுறீங்களா?"

"ஐயோ, இல்ல ஐயா. ஓய்வு."

வியாழக்கிழமைக்குள் முடிவு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். முதலில் கோபம் வந்தது. பிறகு, சரிதானே என்று பட்டது. விட்டுவிடலாம். அதற்குக் காரணமும் இருந்தது.

கோடையில் சரியான நேரத்தைப் பிடிப்பதென்றால் பகல் ஒரு மணிக்கு உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு மணி எங்கள் வீட்டில் ஒரு விசேசமான நேரம். அன்று டேவிட்டுக்கு வேலை பன்னிரண்டோடு முடியும். லேயாவும் பள்ளியால் வந்துவிடுவாள். கிழமையில் நாலு பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான். மருமகள் சோறும் மீன் ஆணமும் சமைப்பாள். லேயா என்னோடு தமிழ் பேசுவதும் அப்போதுதான். எண்ணியிருக்கிறேன், நாற்பது நிமிடம். மற்ற நாளில் எல்லாம் ஒரு சொல், இரண்டு சொல். அந்த நாற்பதில் முப்பதை வருடத்தில் முப்பது கிழமைக்கு விட்டுக்கொடுத்தால், இந்தப் பிள்ளைக்கு நான் யார்? கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் ஒரு கிழவன்.

பதினேழு பேர் திரும்புவார்களா என்று எனக்குத் தெரியாது. லேயா போய்க்கொண்டிருக்கிறாள் என்பது தெரியும்.

புதன்கிழமை காலையில், விலகிக்கொள்கிறேன் என்று போதகருக்குச் செய்தி எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். மூன்றாம் தரம் எழுதி, அனுப்பாமல் வைத்தேன். அனுப்ப முதல் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சங்கிலியில் எனக்கு முந்திய நாலு மணிக்காரி மார்த்தா. அவள் விடும் இடத்தில் பிடிக்க வேண்டியவன் நான். எழுநூற்று முப்பத்து நான்கு தரம் அவள் விட்டது நிலத்தில் விழுந்திருக்கிறது. அதை அவளுக்குச் சொல்லாமல் ஓடிப்போவது சரியில்லை.

7

மார்த்தாவுக்கு அறுபத்தெட்டு வயது. படுவான்கரையில் இரண்டு பசுமாட்டோடும் ஒரு சாதாரணத் தொலைபேசியோடும் இருக்கிறாள். வாட்ஸ்அப் இல்லை. அவளுக்காகக் கைகூப்புப் படம் போடுவது பக்கத்து வீட்டுப் பிள்ளை. வீட்டுத் தொலைபேசியில் அவளுக்கு எடுத்தேன்.

"ஆரு, ஜேர்மன் அண்ணனா? என்ன புதன்கிழமையில? ஆருக்கும் சுகமில்லையா?"

"எல்லாரும் சுகம். மார்த்தா, ஒரு பிழை நடந்து போச்சு."

ஆதியில் இருந்து சொன்னேன். கோடை, குளிர், மூன்றரை, நாலரை, பழைய நாட்காட்டி, மொத்தம். அந்தப் பக்கத்தில் மாடு கத்தியது.

"கேக்குதா?"

"கேக்குது அண்ணன். நீங்க கணக்குச் சொல்லக்கிள குறுக்க கதைச்சா உங்களுக்குக் கோவம் வரும். அதான் பேசாம இரிந்தன்."

"விளங்கிச்சா?"

"விளங்கின மட்டுக்கும் விளங்கிச்சு. வெயில் காலத்தில நாலரைக்கு நீங்க இல்ல."

"ஓம்."

"அதுக்கு என்னகா. நான் இரிந்தன்தானே."

"நீ நாலு மணிக்காரி. நாலரையோட உன்ட நேரம் முடிஞ்சிரும்."

"ஆரு சொன்ன? நான் மணிக்கூடு பாக்கிறல்ல. ரியூசன் வேன் போனாக் குந்துவன். பால் வண்டி வந்து ஹோன் அடிச்சா எழும்புவன். அது அஞ்சு மணியாகும்."

"அஞ்சு மணியா? எவ்வளவு காலமா?"

"தொடக்கத்தில இரிந்துதான். அரை மணித்தியாலத்துக்குள்ள பதினேழு பேரச் சொல்லி முடிக்கிற எப்பிடி? ஆக்கள்தானே அண்ணன் அதுகள். ஒவ்வொருத்தர்ர முகத்தையும் ஒருக்கா நினைச்சுப் பாக்கத் தேவையில்லையா?"

அப்படியானால் ஒரு வெள்ளிக்கிழமைகூட நாலரைக்கு ஆள் இல்லாமல் இருக்கவில்லை. எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். கோடையிலும் அவள் இருந்திருக்கிறாள், குளிரிலும் அவள் இருந்திருக்கிறாள். என் கொப்பி ஐந்தும் எதற்கு?

"அப்ப நான் தேவையே இல்லை" என்றேன்.

"ஏன் அப்பிடிச் சொல்றீங்க? நான் ஒரு நாளும் முடிக்கிறல்லயே."

"என்ன முடிக்கிறல்ல?"

"பேப்பர்ல கடைசிப் பேர் எங்கட அவர்ரதானே. நீங்கதானே எழுதின. அண்டைக்கு எல்லாரும் சொல்லி முடியட்டும் எண்டு நிண்டு, கடைசியா வந்து சொன்னன். அவர்ர பேர் வரக்கிள பால் வண்டி வந்திரும். அவன் நிக்கமாட்டான். 'ஆண்டவரே, இவரயும்' எண்டிட்டு எழும்பி ஓடுவன். இவ்வளவு வருசமும் அந்த மனிசனுக்கு அவ்வளவுதான்."

"முதல்ல அவர்ர பேரச் சொல்லிட்டு மத்தாக்களச் சொன்னா என்ன?"

"சபைட ஜெபத்தில என்ட புரிசன முதல்ல வெக்கிறதா? வெக்கமில்லையா எனக்கு? மத்தப் பொண்டுகள் என்ன நினைப்பாளுகள்."

"ஆருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்தானே." பிறகு, சாதாரணமாக, குற்றம் சொல்லும் தொனி ஒரு துளியும் இல்லாமல் சொன்னாள்: "மத்தவங்களும் சொல்றாங்கதான். எண்டாலும் எனக்கு அடுத்தது நீங்க. நான் விட்டாலும் அண்ணன் இரிப்பார், ஒழுங்கான மனிசன், ஒருத்தரயும் விடமாட்டார், அவரயும் சொல்லுவார் எண்டு நினைச்சிட்டுத்தான் மாட்டடிக்கு ஓடுவன்."

எழுநூற்று முப்பத்து நான்கு என்ற எண்ணுக்கு அப்போதுதான் ஒரு முகம் வந்தது.

"அண்ணன்? கேக்குதா?"

"கேக்குது."

"இனி அந்த ஒரு மணியோ என்னவோ, அதில இரிப்பீங்களா?"

விலகும் செய்தி மேசையில் இருந்த கைத்தொலைபேசியில் அனுப்பத் தயாராகக் கிடந்தது. ஓம் என்றேன்.

"அப்ப ஒரு உதவி. அவர்ல இரிந்து தொடங்குங்க. மேல போங்க. மறுகா எங்க நிண்டாலும் பரவாயில்ல, மேல உள்ளாக்களுக்கு நான் இரிக்கன்."

8

போதகருக்கு, என் நேரம் என்னிடமே இருக்கட்டும், அந்தப் பிள்ளைக்கு விடியப்புறத்தில் ஒன்றைக் கொடுங்கள், இரண்டு நேரம் பிடிப்பவர்கள் களைத்திருக்கிறார்கள் என்று அனுப்பினேன். கட்டைவிரலைப் போட்டார். வீட்டில், வெள்ளிக்கிழமை எனக்காகப் பார்த்திருக்க வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள் என்றேன். டேவிட் முகத்தைச் சுளித்தான்.

"இந்த ஒரு நேரம்தானே அப்பா எல்லாரும் இரிக்கம். அதையும் எடுக்கிறீங்க."

"ஓம்" என்றேன்.

இன்று வெள்ளி. மீன் ஆண மணம் கதவிடுக்கால் வந்துகொண்டிருந்தது. ஒரு மணிக்குத் தேவாலய மணி ஒரே ஒரு தரம் அடித்தது. பழைய தாளை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரியில் விரலை வைத்தேன். சின்னப்பிள்ளை தோமஸ். என் கையெழுத்து.

பெயரைச் சொன்னேன். வழக்கமான வார்த்தைகளைச் சொல்ல வாய் எடுத்தேன். முகம் வரவில்லை. இத்தனை வருடம் ஒரு நிமிடம் நாற்பத்தைந்து விநாடி கொடுத்த மனிதரின் முகம் எனக்கு நினைவில்லை. காத்திருந்தேன். முதலில் குரல் வந்தது. நண்டுக்குக் கூடு வைப்பவர், பாடகர் குழுவில் பாடுவார். சுருதி ஒரு நாளும் சேராது. அவரைப் பின் வரிசைக்கு மாற்றச் சொல்லிப் பழைய போதகரிடம் கேட்டது நான். மாற்றினார்கள். பின் வரிசையில் இருந்து இன்னும் சத்தமாகப் பாடினார். பிறகு முகம் வந்தது. வெற்றிலைப் பல், இடது புருவத்தில் ஒரு வெட்டு. பின் வரிசை விசயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். ஆண்டவரிடம் கேட்டேனா, தோமஸிடம் கேட்டேனா என்று தெரியவில்லை. தலையை நிமிர்த்தி மணிக்கூட்டைப் பார்த்தபோது ஒன்பது நிமிடம் போயிருந்தது.

பதினாறாவது பெயர் ஓட்டமாவடிப் பக்கத்துப் பையன். அவனை நான் கண்டதே இல்லை. அவன் தாய் முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டு பெயரைச் சொன்னது நினைவிருந்தது. அவளை வைத்து அவனுக்காகக் கேட்டேன். இப்படி ஒவ்வொருவராக மேலே போனேன். அரை மணிக்கு மணி அடித்தபோது ஆறு பேரோடு நின்றது. ஊரில் ஐந்து மணிக்காரர் தொடங்கியிருப்பார். கைகூப்பும் படத்தைப் போட்டேன். கொப்பியில் சரி அடையாளம் போடப் பேனையை எடுத்து, போடாமல் மூடினேன்.

டேவிட் சாப்பிட்டுவிட்டு எங்கோ போயிருந்தான். மருமகள் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என் சோற்றுக் கோப்பையை இன்னொரு கோப்பையால் மூடி வைத்திருந்தார்கள். லேயா மட்டும் மேசையில் இருந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காக இருந்தாளா, சும்மா இருந்தாளா என்று நான் கேட்கவில்லை. கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். ஆணம் ஆறிப் போயிருந்தது.

"முடிஞ்சுதா அப்பப்பா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். "இன்னும் பதினொரு பேர் இரிக்காங்க."